மணல் எவ்வளவு பாரம் தாங்கும்?

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில், சார்ஜா எல்லைக்குள் அல் பதாயர் என்ற இடம் இருக்கிறது. சிவந்த மணற்குன்றுகள் சாலையோரம் வரை வந்து நிற்கும். குளிர்காலத்து விடுமுறை நாள் காலையில் அங்கே போனால், தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒருவர் குந்தி உட்கார்ந்து டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருப்பார். வாரம் முழுவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அலுவலக நிழற்கூரையின் கீழ் நின்ற வண்டிகள்தான் அவை. மாலையில் அவற்றில்தான் நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் வீடு திரும்ப வேண்டும்.

அப்படிப்பட்ட வண்டியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அமீரகத்திலும் ஓமானிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஓர் எஸ்.யு.வி. இருக்கிறது. ஒரு முறை மணலில் ஓட்டிப் பார்த்துவிட்டால் அடுத்த வாரமே ஆசை உதிரிபாகக் கடைப்பக்கம் திரும்பிவிடும். வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், இரும்பு பம்பர், கூரைமேல் கூடை, விளக்கு வரிசை என்று பட்டியல் நீளும். ஆண்டுக்குச் சில முறை மட்டும் மணலுக்குப் போகிறவருக்கு இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சில கெடுதலும் செய்யும். மணல் எப்படிப் பாரம் தாங்குகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று புரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆட்களும் சாமான்களுமாக வண்டி 2,000 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒன்றுக்கு 500 கிலோ. சாலையில் டயரின் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ.; அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. டயர் தரையைத் தொடும் பரப்பு, பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். ஆக, சாலையில் ஒவ்வொரு டயரும் தரையில் 200 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பதிகிறது. அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 475 சதுர சென்டிமீட்டருக்குப் போய்விடும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் உண்மை அளவுகள் சிறிது மாறும். ஆனால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, மணலின் மீதான அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்குகிறது.

காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் பரவி நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அகலம் அதிகம் மாறுவதில்லை, நீளம்தான் கூடுகிறது. அது நல்லதுதான். நீண்டு பதியும் டயரில் முன்பகுதி மணலை அமுக்கிக் கெட்டிப்படுத்துகிறது, பின்பகுதி ஏற்கெனவே கெட்டியான மணல்மீது ஏறி நகர்கிறது. முன்னால் தள்ளித் தொலைக்க வேண்டிய மணலின் அளவும் கூடுவதில்லை.

காய்ந்த மணலுக்கு ஒட்டுந்தன்மை கிடையாது. களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன; மணல் துகள்களுக்கு இடையே இருப்பது உராய்வு மட்டுமே. அதனால் காய்ந்த மணலில் ஒரு சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு விசையோடு வண்டியை முன்னே தள்ள முடியும் என்பதை அதன்மேல் உள்ள பாரமே முடிவுசெய்கிறது. ஏறத்தாழ பாரத்தில் பத்தில் ஆறு பங்கு, அதாவது 0.6 மடங்கு. டயர் எவ்வளவு பரப்பில் பதிந்தாலும் இந்த உச்சவரம்பு பெரிதாக மாறாது. அப்படியானால் காற்றை இறக்குவதால் என்ன லாபம்? எதிர்ப்பு குறைகிறது. டயர் புதையும்போது ஒவ்வொரு கணமும் தனக்கு முன்னால் உள்ள ஒரு சின்ன மணல்மேட்டில் ஏறிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. தார்ச்சாலையில் வண்டி உருளுவதற்கான எதிர்ப்பு அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியது. 2,000 கிலோ வண்டிக்கு 20, 25 கிலோ விசை போதும். இளகிய மணலில் அந்த எதிர்ப்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் போகலாம். 400, 500 கிலோ விசை அதற்கே போய்விடும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய விஷயம் ஒன்று தெரியவரும். முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டியில், வண்டி எடையின் பாதியளவு பாரம்தான் இயங்கும் சக்கரங்கள்மேல் இருக்கிறது. அதன் தள்ளுவிசை எடையில் 0.3 மடங்கைத் தாண்டாது. எதிர்ப்பு 0.25 என்றால் மிச்சம் ஏறக்குறைய ஏதுமில்லை, சின்ன ஏற்றத்திலேயே நின்றுவிடும். நான்கு சக்கரமும் இயங்கினால் 0.6. எதிர்ப்புக்குக் கொடுத்தது போக 0.35 மிஞ்சும். அது ஏறத்தாழ 19 பாகை சரிவில் ஏறப் போதுமான விசை. எஸ்.யு.வி. என்ற பெயரோடு உயரமாக நிற்கும் பல வண்டிகள் முன்சக்கர இயக்கம் மட்டுமே உள்ளவை. அவற்றை மணலுக்குள் கொண்டுபோக வேண்டாம். எந்த உதிரிபாகமும் இந்தக் கணக்கை மாற்றாது.

சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நடப்பதைத் தனி அறிவியலாக வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் மியெசிஸ்வாவ் பெக்கர். நிலத்தில் வாகனங்கள் நகர்வது குறித்த அவருடைய பெரிய நூல் 1956இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் அமெரிக்காவில் நிலவு ஊர்தியின் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். 1971இல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய அந்த ஊர்தியின் சக்கரங்களில் காற்றே இல்லை. எஃகுக் கம்பிகளைப் பின்னிச் செய்த சக்கரங்கள் அவை. பாரம் விழுந்த இடத்தில் நெளிந்து தரையில் நீளமாகப் பதியும். பதாயரில் குந்தியிருப்பவர் டயர் வால்வை அழுத்திச் செய்வதும் அதே வேலைதான்.

மணலின் குணம் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. ஒரே குன்றில் பத்து மீட்டர் தள்ளினால் தரையே வேறாகிவிடும். இதை அளந்து எழுதிவைத்த மனிதர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்ட். எகிப்தில் பணியாற்றிய அவர் 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் சாதாரண ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்துக்குள் ஓட்டிப் போனார். ஒட்டகம்கூடப் போகத் தயங்கிய பெருமணற்கடலைக் கார்களில் கடந்தார். காந்த ஊசி காரின் இரும்பால் தடுமாறியதால், நிழலைக் கொண்டு திசை அறியும் சூரியத் திசைகாட்டி ஒன்றைச் செய்துகொண்டார். ரேடியேட்டர் கொதித்து நீராவி வீணாவதைத் தடுக்க, அதன் வழிகுழாயை நீர் நிரப்பிய டப்பாவுக்குள் விட்டார். ஆவி அங்கே குளிர்ந்து நீராகும். எஞ்சின் சூடு தணிந்ததும் அந்த நீரை ரேடியேட்டரே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இன்று உங்கள் வண்டியின் முன்மூடிக்குள் இருக்கும் கூலன்ட் டப்பா செய்வதும் அதுதான். ஊர் திரும்பிய பிறகு, மணல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. காற்றுக்குழாய் ஒன்றைக் கட்டி அதில் மணலை வீசவிட்டு ஆராய்ந்தார். காற்றால் நகரும் மணலின் இயற்பியல் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல் வந்தது. இன்றும் அந்தத் துறைக்கு அதுவே அடித்தளம். செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஊர்தி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு அவருடைய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

ஓட்டுநருக்குத் தேவையான செய்தி அவருடைய ஆய்வில் இருக்கிறது. காற்று வீசும் பக்கத்தில் மணல் துள்ளித் துள்ளி நகர்கிறது. ஒவ்வொரு துகளும் விழும்போது கீழே உள்ள துகள்களைத் தட்டி நெருக்கமாக அடுக்குகிறது. அந்தப் பக்கம் சரிவு 10, 15 பாகைதான் இருக்கும். மணல் கெட்டியாக இருக்கும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் போய் விழும் மணலைத் தட்ட ஆளில்லை. அது குவிந்து, தாங்க முடியாத சரிவை எட்டியதும் சரிந்து இறங்குகிறது. அதன் சாய்வு எப்போதும் 32, 34 பாகையை ஒட்டியே நிற்கும். இந்தச் சறுக்கு முகத்தில் துகள்கள் இடைவெளி விட்டுத் தளர்வாகக் கிடக்கின்றன. கால் வைத்தால் முழங்கால்வரை போகும்.

நெருக்கமாக அடுக்கிய மணல் ஏன் அவ்வளவு உறுதி என்பதற்கு 1885இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் விளக்கம் தந்தார். கடற்கரை ஈரமணலில் கால் ஊன்றும்போது பாதத்தைச் சுற்றி ஒரு வளையம் சட்டென்று வெளுப்பதை எல்லோரும் கண்டிருப்போம். பாரம் விழுந்து துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகர முயலும்போது அடுக்கு விரிகிறது, இடைவெளி கூடுகிறது, மேலே இருந்த நீர் அந்த இடைவெளிக்குள் இறங்குகிறது. அழுத்தினால் விரியும் பொருள் அது. விரிய வேண்டுமானால் மேலுள்ள பாரத்தைத் தூக்கியாக வேண்டும்; அதனால்தான் எதிர்த்து நிற்கிறது. தளர்ந்த மணலுக்கு விரிய வேண்டிய தேவை இல்லை. பாரம் விழுந்ததும் சுருங்கி உள்வாங்கிவிடும்.

முன்பு போட்ட 19 பாகைக் கணக்கு இங்கே பொருந்துகிறது. காற்று முகத்தின் 15 பாகையில் நல்ல வண்டி நிதானமாக ஏறிவிடும். சறுக்கு முகத்தின் 33 பாகையில் எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். அமீரகத்தில் வலுவான காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருவதால், மெல்லிய சரிவு அந்தப் பக்கமாகவும் செங்குத்துச் சரிவு தென்கிழக்குப் பக்கமாகவும் அமைவது வழக்கம். காற்று மாறும் நாட்களில் முகடுகள் திசை மாறிக்கொள்ளும் என்பதால் கண்ணை நம்புவதே மேல். மெல்லிய அலைக்கோடுகள் படிந்த தரை கெட்டி. வழவழப்பாக, கோடே இல்லாமல் பளிச்சென்று கிடக்கும் சரிவு தளர்ந்தது. காலைப் பனி காயாத மணல், நடுப்பகல் மணலைவிடப் பாரம் தாங்கும். துகள்களுக்கு இடையே உள்ள துளி ஈரம் கொஞ்சம் ஒட்டுந்தன்மையைக் கடன் கொடுக்கிறது.

இனி டயருக்கே வருகிறேன். பணம் செலவழிக்க மனம் இருந்தால் இங்கேதான் செலவழிக்க வேண்டும். 20 அங்குல ரிம்மும் அதைச் சுற்றி ஒல்லியான ரப்பரும் கொண்ட வண்டிகள் இப்போது அதிகம் வருகின்றன. பார்க்க அழகு. ஆனால் நெளிந்து பதிவதற்குப் பக்கச்சுவரில் உயரம் வேண்டும். அது இல்லாத டயரில் காற்றை இறக்கினால் ரிம் தரையில் இடிக்கும். அதே வண்டிக்குப் பொருந்தும் 17 அங்குல ரிம்மும் உயரமான பக்கச்சுவர் கொண்ட டயரும் கிடைத்தால், வேறு எதையும்விட அந்த மாற்றம் பயன் தரும். ஆழ்ந்த பற்கள் கொண்ட சேற்று டயர் மணலுக்கு ஆகாது. அந்தப் பற்கள் மணலை வாரி வெளியே வீசும். வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். சாலை டயரோ, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயரோ போதும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வளைகுடா வெயிலில் ரப்பர் சீக்கிரம் மூப்படையும். பழைய டயரைக் குறைந்த காற்றில் நெளியவிடுவது ஆபத்து.

அழுத்தமானி ஒன்று கட்டாயம் வேண்டும், நம்பகமானதாக. 15 பி.எஸ்.ஐ. என்பது பெரும்பாலான வண்டிகளுக்கு நல்ல தொடக்கம். மணல் மிகவும் இளகியிருந்தாலோ வண்டி புதைந்துவிட்டாலோ 12 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போகப் போக டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அங்குள்ளவர்கள் இதைப் 'பாப் அவுட்' என்கிறார்கள். விளிம்பை ரிம்மோடு சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தம்தான். அது குறைந்திருக்கும்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் பக்கவாட்டு விசை டயரைப் பிதுக்கிவிடும்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் ஓடி வந்த டயருக்குள் காற்று 60 பாகை செல்சியஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் 15 என்று அளந்து நிறுத்துகிறீர்கள். இரவு கூடாரம் போட்டுத் தங்குகிறீர்கள். டயர் 25 பாகைக்கு ஆறுகிறது. காலையில் அளந்தால் 12தான் இருக்கும். காற்று எங்கும் கசியவில்லை. மாறாத கன அளவில் வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு இறங்கும் என்ற பள்ளிக்கூட விதி அது. ஆகவே மணலில் தங்குகிறவர்கள் காலையில் மறுபடி அளக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

இறக்கிய காற்றைத் திரும்ப அடைக்கக் கம்ப்ரசர் வேண்டும். நடுத்தர எஸ்.யு.வி. டயருக்குள் 65 லிட்டர் அளவுக்கு இடம் இருக்கும். 15இலிருந்து 35க்கு ஏற்ற, ஏறத்தாழ 90 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். நான்குக்கும் சேர்த்து 360 லிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய கம்ப்ரசர் அந்த வெயிலில் மூச்சு வாங்கி நின்றுவிடும், ஃபியூஸும் போகலாம். பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வும் வகை நல்லது. அதை எஞ்சின் ஓடும்போது பயன்படுத்த வேண்டும்.

எஞ்சினுக்கு மணல் கடினமான சோதனை. 400, 500 கிலோ எதிர்ப்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது எரிபொருள் நிறையக் கரைகிறது, வெப்பமும் அதற்கேற்ப எழுகிறது. வேகமோ குறைவு, ரேடியேட்டர் வழியே புகும் காற்றும் குறைவு. பின்னாலிருந்து காற்று வீசினால் இன்னும் மோசம். போவதற்கு முந்தைய வாரம் கூலன்ட் அளவையும் விசிறியையும் பார்த்து, ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த பூச்சியையும் தூசியையும் கழுவிவிடுவது எந்தப் புதுப் பாகத்தையும்விட முக்கியம். காற்று வடிகட்டி புதிதாக இருக்கட்டும். சூடுமானியின் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஏதாவது முகட்டில் வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி ஆறவிட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை மின்னணுக் கிளட்ச் மூலம் கொடுக்கும் சிறிய வண்டிகளில் முதலில் சூடாவது அந்தக் கிளட்ச்தான். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பின்சக்கரங்கள் விடுபட்டுவிடும். ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. தனி லோ கியர் உள்ள பட்ரோல், பஜேரோ, பிராடோ போன்ற வண்டிகளுக்கும் இவற்றுக்கும் மணலில் தெரியும் வேறுபாடு இங்கிருந்துதான் வருகிறது.

மழைச்சாலையில் உயிர் காக்கும் ஒரு வசதி மணலில் காலை வாரிவிடும். சக்கரம் வழுக்கினால் எஞ்சின் விசையைக் குறைத்து, சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் டிராக்‌ஷன் கண்ட்ரோலைச் சொல்கிறேன். மணலில் கொஞ்சம் வழுக்கல் இருந்தால்தான் முழுத் தள்ளுவிசை கிடைக்கும். ஏற்றத்தின் நடுவில் கணினி விசையைப் பிடுங்கிக்கொண்டால் வண்டி நின்றுவிடும். மணலில் இறங்கும் முன் அதை முழுமையாக அணைப்பது எப்படி என்று கையேட்டில் படித்துவைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். தார் ஏறியதும் மறக்காமல் போட்டுவிட வேண்டும்.

வண்டியின் உடம்பில் பார்க்க வேண்டியது முன்பம்பரின் கீழ் உதடு. 33 பாகைச் சறுக்கு முகத்தில் இறங்கி, கீழே சமதரையைத் தொடும் கணத்தில் சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் பகுதி மணலில் குத்தும். சாலைக்கென்று செய்த பல எஸ்.யு.வி.க்களின் முன்கோணம் 20 பாகையை ஒட்டியே இருக்கும். அங்கே பம்பர் பெயரும். கழற்றக்கூடிய பிளாஸ்டிக் உதடு என்றால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடலாம். இல்லையென்றால் அந்த அளவு செங்குத்தான இறக்கத்தைத் தவிர்ப்பதுதான் வழி. இரும்பு பம்பர் போட்டால் கோணம் மேம்படும் என்பது உண்மை. கூடவே முன்சக்கரங்கள்மேல் எடையும் ஏறுகிறது, மூக்கு புதைகிறது. கூரைக்கூடையில் கட்டும் ஜெர்ரிகேனும் கூடாரமும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கி, பக்கச் சரிவில் உருளவைக்கும். கனமான சாமான் எல்லாம் தரையோடு தரையாக, பின்னிருக்கைக்குப் பின்னால், இறுக்கிக் கட்டப்பட்டு இருக்க வேண்டும். கட்டாத கம்ப்ரசர் ஒன்று முகட்டில் வண்டி குதிக்கும்போது பின்னிருக்கைக் குழந்தையின் தலையை நோக்கி வரும்.

புதைந்த வண்டியை எடுப்பதற்கு வருவோம். உயிர்ச்சேதத்துக்கான ஆபத்து பெரிதும் இங்கேதான் இருக்கிறது. புதைந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் மிதித்தால் டயர் மணலைப் பின்னால் வீசிக்கொண்டே இறங்கி, வண்டியின் அடிவயிறு மணலில் அமர்ந்துவிடும். பிறகு பாரம் சக்கரத்தில் இருக்காது. பாரம் இல்லாத சக்கரத்துக்குத் தள்ளுவிசையும் இல்லை. அந்த நிலைக்கு முன்பே நிறுத்தினால் நீளக் கைப்பிடி கொண்ட மண்வாரியால் சக்கரங்களின் பின்னும் அடியிலும் தோண்டி, 12க்குக் காற்றை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தால் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும். வந்த தடம் ஏற்கெனவே அமுங்கிய தடம். சக்கரத்தடியில் வைக்கும் பிளாஸ்டிக் தடப்பலகையும் உதவும். பாக்னால்ட் முதல் உலகப் போர்க்காலப் பதுங்குகுழிகளின் எஃகுக் கூரைத்தகட்டை எடுத்துவந்து இதற்குப் பயன்படுத்தினார். இன்றைய பலகைகள் அதன் வழிவந்தவை.

இழுக்கும் கயிறு நீளும் தன்மையுள்ள நைலான் கயிறாக இருந்தால், இழுக்கும் வண்டியின் இயக்க ஆற்றலை வாங்கிச் சேமித்து மெல்லக் கொடுக்கும். 2,500 கிலோ வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் அதனிடம் உள்ள ஆற்றல், அதே வண்டியை 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். அவ்வளவும் ஒரு கயிற்றில் தங்கியிருக்கும்போது அதன் முனையிலுள்ள இரும்பு பிய்ந்தால், அது கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். டிரெய்லர் இழுக்கும் குண்டில் கயிறு மாட்டவே கூடாது. வண்டியைக் கப்பலில் கட்டுவதற்காக அடியில் வைத்திருக்கும் வளையமும் இழுப்பதற்கானது அல்ல. சேஸிஸில் போல்ட் போட்ட, அளவு குறித்த கொக்கி முன்னும் பின்னும் இருக்கிறதா என்று வீட்டிலேயே படுத்துப் பாருங்கள். இல்லையென்றால் நல்ல பணிமனையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடுதல் பாகங்களில் நான் வலியுறுத்திச் சொல்வது இது ஒன்றுதான். கயிறு இழுபடும்போது கயிற்றின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

ஓட்டும் முறையையும் இதே இயற்பியல்தான் சொல்லிக்கொடுக்கிறது. எதிர்ப்பு பெரிது என்பதால் காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும். பிரேக் தேவைப்படுவது அரிது. பிரேக் பிடித்தால் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் மணல் ஆப்பு ஒன்று சேரும். மறுபடி கிளம்புவது கடினம். நிறுத்துவது என்றால் இறக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள ஆற்றல் 6 மீட்டர் உயரம் ஏறப் போதும். 60 என்றால் 14 மீட்டர். மணல் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு ஆகும் என்பதால் வேகத்தை நம்பி மிதிக்கத் தோன்றும். முகட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது அந்த மிதி கொல்லும். அடிவாரத்தில் வேகம் சேர்த்து, முகடு நெருங்கும்போது காலைத் தளர்த்தி, மேலே மெல்ல வந்து சேர வேண்டும். ஏற முடியாமல் நடுவில் நின்றுவிட்டால் ரிவர்ஸ் போட்டு நேர்கோட்டில் பின்னால் இறங்குங்கள். பாதியில் திருப்ப முயன்றால் வண்டி பக்கச் சரிவில் குறுக்காக நிற்கும், அப்படித்தான் உருளுகிறது. சரிவில் குறுக்காக வழுக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்புவதே சரி. மேலே திருப்பச் சொல்லும் உள்ளுணர்வை மணலில் பழகி வெல்ல வேண்டும்.

சப்கா என்னும் உப்புச் சமவெளியைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. அபுதாபிக் கடற்கரை நெடுகிலும், உள்நாட்டில் குன்றுகளுக்கு இடையிலும் அது இருக்கிறது. மேலே காய்ந்த உப்பு ஓடு. கீழே ஊறிய சேறு. பார்வைக்குத் தார்ச்சாலைபோல் சமமாகத் தெரியும். ஓடு உடைந்துவிட்டால் காற்றை இறக்குவதும் தோண்டுவதும் பெரிதாக உதவாது. 2009 மே மாதம் செவ்வாயில் ஸ்பிரிட் ஊர்திக்கு நேர்ந்தது இதற்கு நெருங்கிய ஒன்று. மெல்லிய மேலோடு உடைந்து, அதன் அடியிலிருந்த இளகிய மண்ணில் சக்கரங்கள் இறங்கின. பூமியில் மாதிரி மண்ணை நிரப்பி, இரட்டை ஊர்தியை வைத்து மாதக்கணக்கில் பொறியாளர்கள் முயன்று பார்த்தார்கள். அது வெளியே வரவேயில்லை. 2010 மார்ச்சோடு தொடர்பும் அற்றது. இழுப்பதற்கு இன்னொரு வண்டி அங்கே இல்லை.

மணலுக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்பது இதனால்தான். இரண்டு வண்டி குறைந்தபட்சம்; மூன்று இருந்தால் நல்லது; அவற்றில் ஒன்றையாவது மணல் அறிந்தவர் ஓட்ட வேண்டும். கைபேசி அலைவரிசை குன்றுகளுக்கு நடுவே போய்விடும். வாக்கி டாக்கி இருக்கட்டும். போகும் இடமும் திரும்பும் நேரமும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து லிட்டராவது தண்ணீர், அதுவும் ஒரே கேனில் இல்லாமல் பிரித்து. வண்டி நின்றுபோனால் அதன் நிழலை விட்டு நடக்கத் தொடங்கக் கூடாது. வானிலிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டி எளிதாகத் தெரியும். மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பொழுதுபோக்கையே மறந்துவிடலாம்.

குன்றுகளுக்கு இடையே தனித்து நிற்கும் காஃப் மரங்களை அங்கே காண்பீர்கள். அமீரகத்தின் தேசிய மரம் அது. நம் ஊர்ச் சிவன் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னியும் அதுவும் ஒரே இனம். வேரை மிக ஆழத்துக்கு இறக்கி, நீரைத் தேடிப் பிடித்து, சுற்றியுள்ள மணலை அசையவிடாமல் நிறுத்துகிறது. செடி மூடிய சிறு மணல்முட்டுகளும் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றின்மேல் வண்டியை ஏற்றினால் பல ஆண்டுகள் கட்டிய வேர்வலை ஒரு நொடியில் அறுந்துபோகும்; உங்கள் சஸ்பென்ஷனும் அடி வாங்கும். சுற்றிப் போக எப்போதும் இடம் இருக்கிறது.

மாலையில் தார் ஏறும் முன் காற்றை அடித்துவிட வேண்டும், பெட்ரோல் பங்க் பத்தே நிமிடத்தில் வரும் என்றாலும். 15 பி.எஸ்.ஐ.யில் வேகமாக ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. அந்த நெளிவில் பிறக்கும் சூடு ரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் பிரித்து டயரை வெடிக்கவைக்கும். சூடான டயரில் 35 என்று அடித்தால் ஆறியதும் குறைந்துவிடும் என்பதால், மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையில் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். வண்டியின் அடிப்பகுதியையும் பிரேக்குகளையும் நீர் பாய்ச்சிக் கழுவி, காற்று வடிகட்டியைத் தட்டிப் பார்த்து, சக்கர நட்டுகளை இறுக்குங்கள். அலுவலகம் போகும்போது 80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ரிம்மின் உட்புறத்தில் ஒட்டிய மணல்தான் சமநிலையைக் குலைத்திருக்கும், கழுவினால் போய்விடும். கழுவியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால், டயரைக் கழற்றி விளிம்புக்குள் மணல் புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.